குரலஞ்சலை அலுவலக மின்னஞ்சலோடு இணைத்தல்: யாழ்ப்பாணத்து வணிக நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் மாலை ஏழு மணிக்குக் கடை பூட்டப்படும்போது, கோடைகால நேரக் கணக்கின்படி, இலண்டனில் பிற்பகல் இரண்டரை மணியும் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை மணியும் ஆகியிருக்கும். அங்குள்ளவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, ஊரில் கட்டுகிற வீட்டுக்குத் தரைக்கல், கதவு, நீர்த்தாங்கி என்று விலை கேட்பதற்கு ஆறுதலாகத் தொலைபேசியை எடுக்கும் நேரத்தில் இங்கே நள்ளிரவோ விடியற்புறமோ ஆகிவிடும். அலுவலகத்து பிஏபிஎக்ஸில், அதாவது உள்ளகத் தொலைபேசி இணைப்பகத்தில், வொய்ஸ்மெயில் என்று நாம் சொல்லும் குரலஞ்சல் வசதி இருக்கிறது; செய்தியும் ஒழுங்காகப் பதிவாகிறது; மறுநாள் காலையில் வரவேற்பு மேசைத் தொலைபேசியில் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. அந்த விளக்கு எதற்காக மினுங்குகிறது என்பதை அறிந்தவர் அலுவலகத்தில் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் அன்று விடுமுறையில் நிற்பார்.

குரலஞ்சலை மின்னஞ்சலுக்குக் கொண்டுசேர்க்கும் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது. குரலஞ்சல் பெட்டிக்கு எண் சுழற்றிக் கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவே இல்லை. ஆனால் மின்னஞ்சலைக் கைபேசியில் பார்க்காத விற்பனை முகாமையாளர் எவரும் இல்லை. இந்த வழிகாட்டி அஸ்டெரிஸ்க் மென்பொருளில் இயங்கும் பிஏபிஎக்ஸ்களை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. 1999 இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய இத்திறந்த மென்பொருளும், அதனை உலாவி வழியாக ஆளும் ஃபிரீபிபிஎக்ஸ் என்னும் முகப்பும் உரிமக் கட்டணம் இன்றிக் கிடைப்பவை. வேறு தயாரிப்பு ஒன்றை வைத்திருப்பவர்களுக்குத் திரையில் தெரியும் பெயர்கள் மாறுமே தவிர, செய்யவேண்டிய காரியங்கள் மாறமாட்டா.

விளக்கத்தின் வசதிக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கட்டடப் பொருட்கள் விற்கும் அந்நிறுவனத்துக்கு ஸ்ரான்லி வீதியில் காட்சியறையும் கோண்டாவிலில் களஞ்சியமும் உண்டு; ஊழியர்கள் 14 பேர்; விற்பனைக்கு 201, கணக்குப் பிரிவுக்கு 202, களஞ்சியத்துக்கு 203 என்று எக்ஸ்ரென்சன் எனப்படும் மூன்று உள்ளக எண்கள்.

ஒரு செய்தி செல்லும் பாதை

021 இல் தொடங்கும் நிறுவன இலக்கத்துக்கு வரும் அழைப்பு 201 இல் 20 அல்லது 25 விநாடி ஒலிக்கிறது. எவரும் எடுக்காவிட்டால், குரலஞ்சல் நிரல் அழைப்பை ஏற்று, முன்பே பதிந்துவைத்த அறிவிப்பை ஒலிக்கவிட்டு, அழைத்தவர் பேசுவதை ஒரு ஒலிக்கோப்பாகச் சேமிக்கிறது. இதுவரை நடப்பது தொலைபேசியின் வேலை. அதன்பின் அதே இயந்திரம் அழைத்தவரின் இலக்கம், திகதி, நேரம், செய்தியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மின்னஞ்சலை எழுதி, ஒலிக்கோப்பை அதனோடு இணைத்து, எஸ்எம்டிபி என்னும் நெறிமுறையின்படி அஞ்சல் வழங்கியிடம் (மின்னஞ்சலை ஏற்று விநியோகிக்கும் சேர்வரிடம்) ஒப்படைக்கிறது. அஞ்சல் வழங்கி, ஒப்படைப்பவர் யார், அவருக்கு அந்த உரிமை உண்டா என்று விசாரித்தபிறகே அதனைப் பெறுநரின் பெட்டியில் இடுகிறது.

நான் இதுவரை திருத்திய பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒப்படைப்பில் நேர்ந்தவை. பிஏபிஎக்ஸைப் பொருத்துபவர் தொலைபேசி வேலை தெரிந்தவராகவும், மின்னஞ்சலைப் பராமரிப்பவர் கணினி வேலை தெரிந்தவராகவும் இருப்பதால், இருவருக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழத்தைக் கவனிப்பார் இல்லாமல் போகிறது. ஆகவே இவ்வழிகாட்டியும் அங்கேதான் கூடுதலாக நின்று நிதானிக்கும்.

இணைப்பு முறைகள் இரண்டு. முதலாவதில், ஒலிக்கோப்பு மின்னஞ்சலின் இணைப்பாகப் போகிறது. பிஏபிஎக்ஸில் ஒரு பிரதி, அஞ்சல் பெட்டியில் ஒரு பிரதி என இரண்டு இருக்கும். மின்னஞ்சலில் செய்தியைக் கேட்டுவிட்டாலும் தொலைபேசியின் சிவப்பு விளக்கு அணையாது, ஏனெனில் பிஏபிஎக்ஸுக்கு அது தெரியாது. இரண்டாவதில், குரலஞ்சல்கள் பிஏபிஎக்ஸில் அல்லாமல் நேராக அஞ்சல் வழங்கியிலேயே ஐமேப் நெறிமுறை வழியாகச் சேமிக்கப்படுகின்றன, ஒரே பிரதிதான், மின்னஞ்சலில் வாசித்ததாகக் குறித்தால் விளக்கும் அணையும். கேட்பதற்கு இரண்டாவதே அழகாக இருக்கும். ஆனால் அதற்கு அஸ்டெரிஸ்க்கை ஐமேப் ஆதரவுடன் மூலநிரலிலிருந்து தனியாகத் தொகுக்க வேண்டும். இணைய இணைப்பு அறுந்தால் குரலஞ்சலும் தடுமாறும். 14 பேர் உள்ள நிறுவனத்துக்கு முதலாவது முறையே போதும் என்பது என் முடிவு. கீழ்வரும் படிகள் அதற்கே உரியவை.

பழைய கையேடுகளைத் தேடி வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் வழங்கியின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான, குரலஞ்சலைத் தானே ஏற்றுப் பதியும் வசதி 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது, அந்நிறுவனத்தின் இணையவழி அஞ்சல் சேவையிலும் 2020 இல் அது நிறுத்தப்பட்டது. அவ்வசதியை நம்பி எழுதப்பட்ட விளக்கப்படங்கள் இன்னும் இணையத்தில் உலவுகின்றன. அவற்றைப் பின்பற்றி ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

படி 1: யார் கேட்பது என்பதை முடிவு செய்தல்

கருவி எதனையும் தொடுவதற்கு முன்னர், ஒவ்வொரு எக்ஸ்ரென்சனுக்கும் வரும் செய்தி எந்த அஞ்சல் பெட்டிக்குப் போகவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். தனியாளின் முகவரிக்கு அனுப்பினால் அவர் விலகிச் செல்லும் நாளில் செய்திகளும் அவரோடு போய்விடும். எல்லாருக்கும் அனுப்பினால், மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். விற்பனைக்கு ஒரு பகிர்வுப் பெட்டியைத் திறந்து, காலை எட்டரை மணிக்கு அதனைத் திறந்து கேட்பது யாருடைய பொறுப்பு என்று பெயர் குறித்து வைப்பதே ஏற்றது. மைக்ரோசொஃப்ட் 365 இல் 50 ஜிகாபைட் வரையான பகிர்வுப் பெட்டிக்குத் தனி உரிமம் தேவையில்லை என்பதால் செலவும் இல்லை. கணக்குப் பிரிவின் செய்திகளில் நிலுவைத் தொகை, காசோலை விவரம் போன்றவை வரக்கூடும். அதனை விற்பனையோடு சேர்க்காதீர்கள்.

படி 2: கையிருப்பைப் பார்த்தல்

பிஏபிஎக்ஸின் மாதிரியும் மென்பொருள் பதிப்பும் எவை, அது மின்னஞ்சல் அனுப்பும்போது டிஎல்எஸ் 1.2 மறையாக்கத்தைப் பயன்படுத்த வல்லதா, இணைய இணைப்புக்கு நிலையான ஐபி முகவரி உண்டா, நிறுவனத்தின் ஆள்களப் பெயரை (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரை) நிர்வகிக்கும் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கத்தான் நாட்கள் எடுக்கும். இணையத்தளம் செய்துதந்த பையன் இப்போது மெல்பேணில் இருக்கிறான் என்ற பதிலை நான் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கை மீட்டு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிய பின்பே அடுத்த படிக்குச் செல்லுங்கள்; நான்காம் படிக்கு அது இல்லாமல் முடியாது.

படி 3: அஞ்சல் வழங்கியின் வாசலைத் தெரிவு செய்தல்

அஞ்சல் வழங்கியிடம் செய்தியை ஒப்படைக்க, போர்ட் எனப்படும் மூன்று வாசல்கள் உள்ளன. வழங்கிகள் ஒன்றோடொன்று பேசும் போர்ட் 25, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் காட்டி அஞ்சல் ஒப்படைக்கும் போர்ட் 587, இணைப்பின் முதல் கணத்திலிருந்தே மறையாக்கம் கோரும் போர்ட் 465 என்பவை அவை. இணைய வழங்குநர்கள் பலர் ஸ்பாமைத் தடுக்கும் நோக்கில் வெளிச்செல்லும் போர்ட் 25 ஐ மூடிவைத்திருப்பார்கள். உங்கள் இணைப்பில் அது திறந்திருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

மைக்ரோசொஃப்ட் 365 பயன்படுத்தும் நிறுவனத்துக்கு வழிகள் மூன்று. முதலாவது, குரலஞ்சலுக்கென ஒரு அஞ்சல் கணக்கைத் திறந்து, அதன் பெயரால் போர்ட் 587 ஊடாக அனுப்புவது. இதற்கு அக்கணக்கில் எஸ்எம்டிபி உள்நுழைவு அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். புதிய நிறுவனக் கணக்குகளில் பாதுகாப்பு இயல்பமைப்பு அதனை மூடியே வைத்திருக்கும். அதோடு, வெறும் கடவுச்சொல்லால் நுழையும் முறையை மைக்ரோசொஃப்ட் படிப்படியாகக் கைவிட்டு, கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தற்காலிக அனுமதிச் சீட்டைக் காட்டும் ஓஓத் எனப்படும் முறைக்கு நகர்ந்துவருவதால், அம்முறையை அறியாத பழைய பிஏபிஎக்ஸ்களுக்கு இவ்வழி நெடுநாள் உதவாது. இரண்டாவது, உங்கள் நிறுவனத்துக்குரிய அஞ்சல் நுழைவாயிலுக்கு போர்ட் 25 வழியாக நேரடியாக அனுப்புவது. கடவுச்சொல் தேவையில்லை; ஆனால் நிறுவனத்துக்குள் உள்ள பெட்டிகளுக்கு மட்டுமே போகும், ஏமாற்று அஞ்சல் அனுப்புவோர் இவ்வழியைத் தவறாகப் பயன்படுத்தியதால் சில நிர்வாகிகள் இதனை அடைத்தும் விடுகிறார்கள். மூன்றாவது, கனெக்டர் எனப்படும் இணைப்பு விதி ஒன்றை அஞ்சல் சேவையில் அமைத்து, உங்கள் நிலையான ஐபி முகவரியிலிருந்து வருவதை மட்டும் ஏற்குமாறு சொல்வது. நிலையான ஐபி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

கூகிள் வேர்க்ஸ்பேஸ் பயன்படுத்துபவர்கள் நிர்வாகப் பலகையில், அஞ்சலை ஏற்று முன்னனுப்பும் எஸ்எம்டிபி ரிலே சேவையை இயக்கி, ஐபி முகவரியையோ கடவுச்சொல் உள்நுழைவையோ நிபந்தனையாக வைக்கலாம். தனிக் கணக்கின் பெயரால் அனுப்புவதாயின், இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிய பின்னர் கிடைக்கும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லையே பிஏபிஎக்ஸில் இடவேண்டும். வழக்கமான கடவுச்சொல்லை இட்டு, அது ஏன் நிராகரிக்கப்படுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை.

பிஏபிஎக்ஸ் பழையதாக இருந்து, டிஎல்எஸ் 1.2 தெரியாது என்றால் அதனை மாற்றச் சொல்லமாட்டேன். அதற்கும் அஞ்சல் வழங்கிக்கும் இடையில் ஒரு சிறிய லினக்ஸ் கணினியை நிறுத்துங்கள். ராஸ்பெரி பை அளவிலான ஒன்றே போதும். அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் மென்பொருளை நிறுவினால், பிஏபிஎக்ஸ் அலுவலக வலையமைப்புக்குள் அதனிடம் எளிய முறையில் ஒப்படைக்கும். அது வெளியே செல்லும்போது உரிய மறையாக்கத்தோடும் அடையாளத்தோடும் பேசும். ஃபிரீபிபிஎக்ஸ் நிறுவற்பொதியில் போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்கெனவே உள்ளடங்கியிருப்பதால் அங்கே தனிக் கணினி தேவையில்லை. போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில் ரிலேஹோஸ்ட் என்னும் வரியில் அஞ்சல் வழங்கியின் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு, அதன்பின் முக்காற்புள்ளியும் 587 உம் எழுதுங்கள். சதுர அடைப்பை விட்டுவிட்டால் அது அந்தப் பெயரின் அஞ்சற்பதிவைத் தேடிச் சென்று வேறொரு வாசலில் தட்டும். கடவுச்சொல் இருக்கும் கோப்பை நிர்வாகி மட்டுமே வாசிக்கக்கூடியவாறு பூட்டுங்கள். அலுவலக வலையமைப்பின் முகவரிகளிலிருந்து மட்டுமே அஞ்சல் ஏற்குமாறு வரையறுக்கவும் மறவாதீர்கள். அந்த வரையறை இல்லாவிட்டால் உங்கள் கணினி ஊரார் ஸ்பாமுக்கெல்லாம் இலவச வண்டியாகிவிடும்.

படி 4: ஆள்களப் பெயரில் நம்பிக்கையைப் பதிதல்

அஞ்சல் வழங்கி விசாரிக்கும் என்று மேலே சொன்னேன். அந்த விசாரணை மூன்று பதிவுகளைக் கொண்டு நடக்கிறது. எஸ்பிஎஃப் பதிவு, இந்த ஆள்களப் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தெந்த முகவரிகளுக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. டிகேஐஎம், ஒவ்வொரு அஞ்சலிலும் இடப்பட்ட மின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கான திறவுகோலை வெளியிடுகிறது. டிமார்க், முன்னிரண்டும் தவறினால் அந்த அஞ்சலை என்ன செய்வது என்று பெறுநரின் வழங்கிக்கு அறிவுறுத்துகிறது.

எஸ்பிஎஃப் பதிவில் நேரும் பிழைகளே அதிகம். ஓர் ஆள்களப் பெயருக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். ஏற்கெனவே மைக்ரோசொஃப்டுக்கோ கூகிளுக்கோ ஒன்று இருக்கும்போது, பிஏபிஎக்ஸுக்காக இரண்டாவது வரியைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாதவை ஆகும். நேற்றுவரை ஒழுங்காகப் போன விலைப்பட்டியல்களும் இன்றைக்குத் தடைப்படும். புதிய ஐபி முகவரியைப் பழைய வரிக்குள்ளேயே செருக வேண்டும். பதிவைச் சரிபார்க்கும்போது பெறுநர் செய்யவேண்டிய பெயர்த் தேடல்கள் 10 ஐத் தாண்டக்கூடாது என்பதும் விதி. விளம்பர அஞ்சல் சேவை, கணக்கியல் மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் அந்த எல்லை விரைவில் வந்துவிடும்.

இதனை நான் பட்டறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நிறுவனத்துக்குக் குரலஞ்சலை இணைத்துக்கொடுத்தபோது, என் முகவரிக்குச் சோதனை அஞ்சல் வந்துசேர்ந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிக் கிளம்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டு, "தம்பி, நீர் பூட்டின சாமானுக்கு ஒரு செய்தியும் வரேல்லையே" என்றார். எல்லாச் செய்திகளும் வந்தேயிருந்தன, ஸ்பாம் பெட்டிக்குள். அனுப்புநர் முகவரியை நான் மாற்றாமல் விட்டதால், பிஏபிஎக்ஸ் தன் உட்பெயரையே முகவரியாக இட்டு அனுப்பியிருந்தது. அப்படி ஓர் ஆள்களம் உலகில் எங்கும் இல்லை. பெறுநர் வழங்கி அதனைச் சந்தேகித்ததில் பிழை இல்லை. ஆகவே, அனுப்புநர் முகவரி உங்கள் ஆள்களப் பெயரில் உண்மையாகவே உள்ள ஒரு பெட்டியாக இருக்கட்டும். அழைத்தவரின் இலக்கத்தை அனுப்புநர் முகவரியாக ஆக்கும் விருப்பம் சில இயந்திரங்களில் உண்டு, அதனைத் தொடாதீர்கள்.

டிமார்க்கை முதல் நாளே கடுமையாக்க வேண்டாம். அறிக்கை மட்டும் கேட்கும் நிலையில் சில வாரம் வைத்து, எல்லா அஞ்சல்களும் தேறுகின்றன என்று கண்டபின் இறுக்கலாம்.

படி 5: பிஏபிஎக்ஸில் குரலஞ்சலை அமைத்தல்

ஃபிரீபிபிஎக்ஸில் ஒவ்வொரு எக்ஸ்ரென்சனின் பக்கத்திலும் குரலஞ்சலுக்கென ஒரு தாவல் உண்டு. அதனைத் திறந்து, குரலஞ்சலை இயக்கி, முதலாம் படியில் தெரிவு செய்த அஞ்சல் முகவரியை இட்டு, ஒலிக்கோப்பை இணைக்குமாறு சொல்லுங்கள். பொது அமைப்புப் பகுதியில் அனுப்புநர் முகவரி, பொருள் வரி, அஞ்சலின் உடல் ஆகியவற்றை எழுதலாம். எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று குறித்துவிட்டால் தமிழிலேயே எழுதலாம். குறிக்காவிட்டால் கேள்விக்குறிகளின் வரிசை வரும். பொருள் வரியில் அழைத்தவரின் இலக்கமும் செய்தியின் நீளமும் இருந்தால், திறக்காமலே எதனை முதலில் கேட்பது என்று முடிவு செய்யலாம். "0044 இல் இருந்து 1 நிமிடம் 40 விநாடி" என்று கண்டால் அது வெறும் விசாரிப்பு அல்ல என்று விற்பனைப் பிரிவுக்குப் புரியும்.

செய்தியின் மிகக் குறைந்த நீளத்தை மூன்று விநாடி என்று வையுங்கள். இயந்திரக் குரல் கேட்டவுடன் தொலைபேசியை வைத்துவிடுவது நம்மவர் வழக்கம். இந்த எல்லை இல்லாவிட்டால் பெட்டி வெறும் மூச்சுச் சத்தங்களால் நிறைந்துவிடும். மிகக் கூடிய நீளம் மூன்று நிமிடம் போதும்.

மின்னஞ்சல் அனுப்பியதும் பிஏபிஎக்ஸிலுள்ள பிரதியை அழிக்கும் விருப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிவப்பு விளக்குத் தொல்லையை அது தீர்க்கும் என்பதால் பலர் உடனே இயக்கிவிடுகிறார்கள். ஆனால் அஸ்டெரிஸ்க் கோப்பை உள்ளக அஞ்சல் நிரலிடம் கொடுத்த கணமே தன் பிரதியை அழித்துவிடுகிறது. அஞ்சல் உண்மையில் போய்ச்சேர்ந்ததா என்று அது காத்திருந்து பார்ப்பதில்லை. அஞ்சல் நிராகரிக்கப்பட்டால் செய்தி இரண்டு இடத்திலும் இருக்காது. முதல் மாதம் இந்த விருப்பத்தை இயக்காமல் விடுங்கள்.

படி 6: ஒலிக்கோப்பின் வடிவமும் பருமனும்

தொலைபேசி ஒலி விநாடிக்கு 8000 மாதிரிகளாகப் பதியப்படுகிறது. சுருக்காத 16 பிட் வேவ் கோப்பாயின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 960 கிலோபைட். ஜிஎஸ்எம் முறையில் சுருக்கிய வேவ் கோப்பாயின் நிமிடத்துக்கு 100 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. மின்னஞ்சலில் இணைக்கும்போது கோப்பு எழுத்துகளாக மாற்றப்படுவதால் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆக மூன்று நிமிடச் செய்தி, சுருக்காவிட்டால் 3.8 மெகாபைட்டுக்கு மேலும், சுருக்கினால் 400 கிலோபைட்டை அண்மித்தும் வரும். ஜிமெயில் 25 மெகாபைட் வரை அனுமதிப்பதால் இரண்டும் போகும்; ஆனால் களஞ்சியத்தில் நின்று கைபேசித் தரவில் கேட்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும்.

சுருக்கிய வேவ் கோப்பைச் சில கைபேசிகள் திறக்கமாட்டா. உங்கள் ஊழியர்களின் கைபேசிகளில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். ஒன்றேனும் மறுத்தால், அஞ்சல் அனுப்பும் கட்டளைக்கு முன்னால் கோப்பை எம்பி3 ஆக மாற்றும் சிறு நிரலைச் செருகுவது நிரந்தரத் தீர்வு.

படி 7: அறிவிப்பும் நேரமும்

அறிவிப்பைத் தமிழில், நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவரின் குரலில், 12 விநாடிக்குள் பதியுங்கள். "வணக்கம். இப்போது எங்கள் அலுவலகம் பூட்டப்பட்டுள்ளது. உங்கள் பெயரையும் இலக்கத்தையும் கேட்க விரும்பும் பொருளையும் சொல்லுங்கள், நாளை காலை பத்து மணிக்குள் நாங்களே எடுக்கிறோம்" என்பது போன்ற வாக்கியம் போதுமானது. யார், எப்போது திரும்ப எடுப்பார்கள் என்று தெரிந்தால்தான் பேசுபவர் பேசுவார். கோப்பு 8 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்ற அளவில் இருக்கவேண்டும். கைபேசியில் பதிந்ததை மாற்றாமல் ஏற்றினால் ஒலிக்காமல் போகலாம். ஞாயிறு, போயா தினங்கள், தைப்பொங்கல், தீபாவளி ஆகிய நாட்களுக்கு நேர நிபந்தனையில் வேறு அறிவிப்பை வைத்து, திறக்கும் நாளையும் அதில் சொல்லுங்கள்.

நேர வலயம் ஆசியா/கொழும்பு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இலங்கை 1996 இல் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணி நேர வேறுபாட்டுக்குத் திரும்பியது. மிகப் பழைய இயந்திரங்களின் நேரப் பட்டியலில் இன்னும் ஆறு மணி வேறுபாடே இருக்கக்கூடும். அஞ்சலில் நேரம் அரை மணி கூடுதலாகக் காட்டினால் காரணம் அதுவாகவே இருக்கும்.

படி 8: மின்சாரமும் இணையமும் இல்லாத நேரம்

2022 இல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறந்திருக்கமாட்டோம். பிஏபிஎக்ஸ், ரூட்டர், பைபர் முனைக்கருவி ஆகிய மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கவேண்டும். பிஏபிஎக்ஸுக்கு மட்டும் யுபிஎஸ் வைத்து ரூட்டரை மறந்த அலுவலகங்கள் பல. இணையம் மட்டும் அறுந்தால், செப்புக்கம்பி இணைப்பில் வரும் அழைப்பு பதிவாகும். அஞ்சல் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் போகும். இயல்பாக அது ஐந்து நாள்வரை முயன்றபின்பே கைவிடும்.

படி 9: சோதித்தல்

வெளியிலிருந்து கைபேசியால் அழைத்து, 20 விநாடி பேசி வையுங்கள். அஞ்சல் வந்ததோடு திருப்தியடையாமல், அதன் முழுத் தலைப்பையும் திறந்து, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றும் தேறியதாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். வராவிட்டால் அஞ்சல் பதிவேட்டில் வழங்கியின் பதில் எண்ணைத் தேடுங்கள். 250 என்றால் ஏற்றுக்கொண்டுவிட்டது. செய்தி பெறுநர் பக்கத்தில், பெரும்பாலும் ஸ்பாம் பெட்டியில், இருக்கிறது. 4 இல் தொடங்கும் எண் தற்காலிக மறுப்பு, காத்திருக்கலாம். 535 என்றால் கடவுச்சொல் அல்லது உள்நுழைவு அனுமதி பிழை. 550 என்றால் முகவரியையோ உரிமையையோ வழங்கி ஏற்கவில்லை. 552 என்றால் பருமன் அல்லது பெட்டி நிறைந்த சிக்கல். எண் எதுவுமே இல்லாமல் இணைப்பு நேரம் கடந்து அறுந்தால், போர்ட் மூடப்பட்டுள்ளது. பிஏபிஎக்ஸில் பதிவானதா என்ற ஐயம் வந்தால், அந்த எக்ஸ்ரென்சனிலிருந்து நட்சத்திரக் குறியோடு 97 ஐ அழுத்திக் கேட்டுப் பாருங்கள்.

படி 10: பாதுகாப்பு

குரலஞ்சல் பெட்டியின் இரகசிய எண்ணை எக்ஸ்ரென்சன் எண்ணாகவே விட்டுவைப்பது கதவைத் திறந்துவிட்டுத் தூங்குவதற்குச் சமன். பெட்டிக்குள் நுழைந்தவர் அங்கிருந்தே வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கும் வசதி இயங்கினால், மாதக் கட்டணச் சீட்டில்தான் அது தெரியவரும். ஆறு இலக்க எண் வையுங்கள். பெட்டியிலிருந்து வெளியழைப்பு எடுக்கும் வசதியை நிறுத்துங்கள்.

ஒருவரின் குரலும் இலக்கமும் தனிப்பட்ட தரவுகளே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்ற நெறியைக் கொண்டுள்ளது. விற்பனைச் செய்திகளை 90 நாளில் தானாக நீங்குமாறு பெட்டியில் விதி வைத்துவிடுங்கள்.

குரலை எழுத்தாக்கி அனுப்பும் வசதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கூகிளின் பேச்சறி சேவையில் இலங்கைத் தமிழ் தனித் தெரிவாக உண்டு. ஓப்பன்ஏஐ 2022 இல் வெளியிட்ட விஸ்பர் மாதிரியும் தமிழ் அறியும். ஆயினும் 8 கிலோஹேர்ட்ஸ் தொலைபேசி ஒலியில், ஆங்கிலப் பொருட்பெயர்கள் கலந்த நம் பேச்சில், அவை தரும் எழுத்தை நம்பிக் கட்டளை எடுக்கமுடியாது. பன்னிரண்டு பெட்டி தரைக்கல் இருபது பெட்டியாக எழுதப்பட்டால் நட்டம் யாருக்கு? குறிப்பாக வேண்டுமானால் வைத்துக்கொண்டு, ஒலியைக் கேட்டே வேலை செய்யுங்கள்.

பராமரிப்பு

இவ்வமைப்பு பழுதானால் சத்தம் போடாது. செய்திகள் வராமல் நிற்கும், அவ்வளவுதான். அழைப்பு குறைந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். ஆகையால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறக்குமுன் பொறுப்பானவர் தன் கைபேசியிலிருந்து அழைத்து ஒரு செய்தி விடட்டும். அது பெட்டிக்கு வந்த நேரத்தைக் குறித்து வைக்கட்டும். அஞ்சல் கணக்கின் கடவுச்சொல் மாற்றப்பட்ட நாள், இணைய வழங்குநர் மாறி ஐபி முகவரி மாறிய நாள், ஆள்களப் பெயருக்குச் சந்தா கட்டவேண்டிய நாள் ஆகிய மூன்று நாட்களிலும் கட்டாயமாக இதே சோதனையைச் செய்யுங்கள். பிஏபிஎக்ஸ் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒரு தாளை ஒட்டி, எந்தக் கணக்கு, எந்த வழங்கி, எந்தப் போர்ட், ஆள்களப் பெயர்க் கணக்கு யார் பொறுப்பில் உள்ளது என்பவற்றை எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.